கதவோரம் ஒரு சாண்

கண்ணாடி ஜாடித் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. "ஒரு சாண்" என்றால் வாசல் காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் தெரியும். வயதில் சின்னவர்கள் மரியாதையாக "ஒரு சாண் அண்ணன்" என்பார்கள். ஆள் ஒன்றும் குள்ளமில்லை, ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு. பெயர் வந்தது அவர் உயரத்தால் அல்ல, கையால்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் ஜாடி அடுக்கிய கன்டெய்னர் பெட்டியை லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி, பக்கத்து நாட்டு ஜாம் கம்பெனிக்குக் கொண்டுபோகிறார். ஜாடிகள் மரத்தட்டுகளில் அடுக்கடுக்காக, பிளாஸ்டிக் தாள் சுற்றி நிற்கும். பெட்டியின் முன்சுவரிலிருந்து நெருக்கி அடுக்கிக்கொண்டே வந்து, கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவில் சரியாக ஒரு சாண் இடம் விடச் சொல்வார். வாயால் சொல்வதோடு நிறுத்த மாட்டார். கட்டைவிரலை மரத்தட்டில் ஊன்றி, சுண்டுவிரலைக் கதவு விளிம்பு வரை விரித்து, அளந்து பார்த்து, "ம்" என்பார். அந்த "ம்" வராமல் கதவு மூடாது. ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும் கடைசி வரிசையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதுதான். சரக்கு ஏற்றுகிறவர்கள் மனசுக்குள் அந்தக் கையை எத்தனை தடவை திட்டியிருப்பார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கூட வந்த ஒரு லாரியில் கதவு வரை அடைத்து ஏற்றியிருந்தார்கள். மலைப்பாதை ஏறும்போது சரக்கெல்லாம் பின்னால் சரிந்து கதவின்மேல் சாய்ந்து நின்றது. எல்லையில் சுங்க அதிகாரி கதவைத் திறந்தார். கதவோர வரிசை அப்படியே அவர் காலில் இறங்கியது. அதிகாரிக்குக் கால் விரல் போச்சு, டிரைவருக்கு ஒன்பது நாள் போச்சு. பக்கத்தில் நின்று பார்த்த நம் ஆள் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்: கதவோரம் ஒரு சாண், அதற்கு முன்னால் ஒரு வலை. மிச்சத்தை அவருடைய கால் பார்த்துக்கொள்ளும். தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல பிரேக் போடுவார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஜாடி உடைந்ததில்லை. யாராவது சந்தேகமாகப் பார்த்தால் மீசையை ஒரு தடவு தடவுவார். "உடைஞ்ச ஜாடி ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. இந்த மீசையை எடுத்துடறேன்." அது சாதாரண மீசையும் இல்லை. கன்னத்தில் பாதியை வளைத்துப் பிடித்திருந்த மீசை. அதனால் யாரும் பந்தயத்துக்கு வந்ததில்லை.

சரி, வேலையில் ராஜாதான். வீட்டில்?

ஒரு நடை போய்வரப் பதினோரு நாள். எல்லைக்குப் போக இரண்டு நாள். அங்கே வரிசையில் மூன்று நாள், சில சமயம் நாலு. முன்னால் முந்நூறு லாரி, பின்னால் முந்நூறு லாரி, எல்லாம் எஞ்சினை உறுமவிட்டபடி அங்குலம் அங்குலமாக நகரும். குடிக்கிற தண்ணீரில் கருப்பாக ஒரு ஏடு மிதக்கும். அவருடைய இருமல் அங்கேயிருந்து வந்ததுதான். திரும்பி வந்தால் வீட்டில் மூன்று நாள், பிறகு மறுபடி கிளம்ப வேண்டும். வீடு இரண்டாம் மாடியில், இரண்டு அறை. எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பது அவருக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. மனைவி பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவர். அலமாரியை இடம் மாற்றியிருப்பார், இவர் போய் முழங்காலை இடித்துக்கொள்வார். டீகூட விருந்தாளிக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில்தான் வரும். அதை மரியாதை என்றுதான் அவரும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை முகத்தில் சோப்போடு குளியலறையில் நிற்கிறார். வாசலில் எதிர்வீட்டு அம்மாவின் குரல் கேட்டது. "என்ன பாப்பா, பெரிய செருப்பு கிடக்கு? யாரு வந்திருக்கா?"

"அப்பா வந்திருக்காங்க ஆன்ட்டி," என்றாள் அவர் மகள். பதினொரு வயசு. "நாளைக்குக் கிளம்பிடுவாங்க."

குழந்தை ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. சோப்பு கண்ணில் போனதைக்கூடக் கவனிக்காமல் அப்படியே நின்றார். கண் எரிந்ததற்கு சோப்பு மட்டும் காரணமில்லை.

அடுத்த நடை போய்வந்ததும் அனுப்புகைப் பிரிவு மேலாளர் எல்லா டிரைவரையும் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் பேசுகிற அம்மா. எல்லோருக்கும் அவர் "மேடம்".

"இனிமே பெட்டி ரயில்ல போகப்போகுது. நீங்க காலையில ரயில் யார்டுக்குக் கொண்டுபோங்க, நாப்பது கிலோமீட்டர்தான். கிரேன் தூக்கி ரயில்ல வைக்கும். ரயில் எல்லை தாண்டி அந்தப் பக்கத்து யார்டுக்குப் போகும். அங்கேர்ந்து அவங்க லாரி எடுத்துக்கும். நடுவுல பெட்டியை யாரும் திறக்கப்போறதில்ல."

"ஏன் மேடம், நாங்க என்ன குறை வச்சோம்?"

"நீங்க ஒரு குறையும் வைக்கல. ஜாம் கம்பெனி கடுதாசி போட்டிருக்கு. ஒரு ஜாடி அங்க போய்ச் சேர எவ்வளவு புகை ஆகுதுன்னு கேக்கறாங்க. அடுத்த வருஷத்துக்குள்ள அதைப் பாதியாக் குறைக்கணுமாம். இல்லன்னா வேற இடம் பாத்துப்பாங்களாம்."

"புகையைக்கூடவா எடை போடுவாங்க?" என்று கேட்டார் ஒரு சாண். அறையே சிரித்தது.

"போடறாங்கண்ணே. யாருக்கும் வேலை போகாது. ரயில் நிறையணும்னா பெட்டி நிறைய வேணும், யார்டுக்கும் நம்ம கம்பெனிக்கும் ஓயாம ஓடணும். முதல்ல ரெண்டு ரயில் வெள்ளோட்டம் விட்டுப் பாப்போம். ஆயிரத்துக்கு ரெண்டு ஜாடி வரைக்கும் உடையலாம். அதுக்கு மேல போச்சுன்னா பழையபடி ரோடுதான்."

வெளியே வந்ததும் ஏலக்காய் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். ஏலக்காய் என்பது இவருடைய பதினெட்டு வருஷக் கூட்டாளி. ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க ஏலக்காயை மென்றுகொண்டே இருப்பதால் வந்த பெயர். "நாப்பது கிலோமீட்டராம்! ரெண்டு நாடு பாத்தவன் இனிமே மூட்டை சுமக்கற ஆட்டோ மாதிரி அங்கயும் இங்கயும் அலையணுமா? நம்ம பொழப்புல மண்ணு விழுந்துச்சுடா மச்சான்."

"நடக்காது விடு. கண்ணாடிக்கும் ரயிலுக்கும் ஆகாது," என்றார் ஒரு சாண். அப்போது அப்படித்தான் நினைத்தார்.

சாயங்காலம் வீட்டில் இதையே வேடிக்கையாகச் சொன்னார். மனைவி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்போ தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவீங்களா?"

"வந்துடலாம்தான். ஆனா இதெல்லாம் எங்க நடக்கப்போகுது..."

மனைவி துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள்தான் விடவில்லை. "தினமுமாப்பா? திங்கக்கிழமைகூடவா? மழை பெஞ்சாக்கூடவா?" என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்குத்தான் அவர் கட்சி மாறினார். வெளியே மூச்சு விடவில்லை. டிரைவர்களிடம் சொன்னால் வறுத்தெடுத்துவிடுவார்களே!

முதல் ரயிலுக்கு மூன்று பெட்டி, அறுபதாயிரம் ஜாடி. "மூணையும் நீங்களே நின்னு ஏத்துங்கண்ணே," என்று மேடம் சொல்லிவிட்டார். நின்று ஏற்றினார். மூன்று கதவோரமும் சாண் போட்டு அளந்தார், வலை கட்டினார், மூன்று முறை "ம்" சொன்னார். தன் பெட்டியை யார்டுக்கு ஓட்டிப்போனதும் கிரேன் வந்து நாலு மூலையிலும் பிடித்து அதை அந்தரத்தில் தூக்கியது. இவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே, "மெதுவா! மெதுவா!" என்று கீழேயிருந்து கத்தினார்.

மேலேயிருந்து கிரேன்காரர் ஒலிபெருக்கியில் பதில் சொன்னார். "அண்ணே, பெட்டிக்குக் காது கிடையாது. எனக்குத்தான் இருக்கு. கத்தாதீங்க."

ரயில் எல்லையை நாலே மணி நேரத்தில் தாண்டியது. தான் மூன்று நாள் புகை குடித்த இடத்தை நாலு மணி நேரத்தில்! கதவில் வைத்த சீல் சரியாக இருந்ததால் பெட்டியைத் திறக்கவேயில்லை. அவருக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சந்தோஷம் மூன்றாம் நாள் வரைதான். அந்தப் பக்கத்து யார்டில் பெட்டியை எடுத்துப்போகிற லாரிக்காரி இவருக்குப் பழக்கம். எல்லை வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அடுப்பும் தீப்பெட்டியும் பரிமாறிக்கொண்ட பழக்கம். அவள் இவரை அண்ணே என்பாள், இவர் தங்கச்சி என்பார். அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, உக்காந்திருக்கீங்களா நிக்கறீங்களா?"

"நிக்கறேன். என்னம்மா?"

"உக்காந்துடுங்க."

அவள் அனுப்பிய படங்களைப் பார்த்தார். கதவு திறந்த இடத்தில் கண்ணாடிச் சில்லு குவியலாகக் கிடந்தது. ஜாம் கம்பெனி ஆட்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். மூன்று பெட்டியிலும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று அறுபது ஜாடி உடைந்திருந்தது. நூற்று இருபது வரைதான் பொறுப்பார்கள்.

லாரி நிறுத்தத்தில் அன்றைக்குத் திருவிழாதான். ஏலக்காய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு சாண் கையால ஏத்தின சரக்கு! இருவத்திரண்டு வருஷத்துல ஒண்ணு உடைஞ்சிருக்கா? அதையே உடைச்சிருக்குன்னா அது ரயிலா, உலக்கையா?" எல்லோரும் ஆமாம் போட்டார்கள். சிரித்து, இவர் முதுகில் தட்டினார்கள். இவரும் சிரித்தார். ஆனால் டீ கையிலேயே ஆறிப்போயிற்று.

மேடமும் அதையேதான் நினைத்திருக்கிறார். "ஒரு சாண் அண்ணன் ஏத்தியே இந்தக் கதின்னா, வேற யாரு ஏத்தினாலும் இதைவிட மோசம்தான்னு முதலாளி சொல்லிட்டாரு. ரெண்டாவது ரயிலே வேண்டாமாம். நாளை மறுநாள் கூட்டம். ரயில் கண்ணாடி ஏத்த லாயக்கில்லைன்னு எழுதி அனுப்பிடப்போறோம்."

அவர் அந்தப் படங்களை மறுபடி மறுபடி பார்த்தார். ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. உடைந்ததெல்லாம் கதவுப் பக்கத்துக் கடைசி இரண்டு வரிசை. முன்பக்கம் ஒரு ஜாடிகூட அசையவில்லை. ரயில் உலக்கையாக இருந்தால் எல்லாவற்றையும் அல்லவா இடித்திருக்கும்? பதில் மனசின் வாசலில் வந்து நின்றது. உள்ளே வா என்று கூப்பிட அவருக்கு மனமில்லை.

மறுநாள் காலி பெட்டி எடுக்க யார்டுக்குப் போனார். அங்கே வேகன்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி மாட்டுகிற தொழிலாளி தன் தண்ணீர்ப் பாட்டிலை வெறும் வேகன் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். எஞ்சின் மெல்லத்தான் வந்தது, நடைவேகம்கூட இல்லை. வந்து டமாரென்று முட்டியது. பாட்டில் மேலே குதிக்கவில்லை, பக்கவாட்டிலும் சாயவில்லை. நின்றபடியே நேராகப் பின்னால் வழுக்கிப் போய்ப் பிறகுதான் விழுந்தது. வழுக்கின இடத்தில் ஈரத்தடம் கிடந்தது. இவர் கை தானாகப் போய் அளந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

கொக்கிக்காரர் சிரித்தார். "என்னண்ணே அளக்கறீங்க? ரோட்டுல குலுக்கல் மேலயும் கீழயும் இருக்கும். இங்க முன்னயும் பின்னயும்தான். சரக்குக்கு நடுவுல கையகலம் காலி இடம் இருந்தாப் போதும், ஓடிவந்து முட்டி உடைஞ்சுடும். அன்னைக்கு ஜாடிப் பெட்டி போச்சே, எந்தப் புண்ணியவானோ கதவோரம் இடம் விட்டு ஏத்தியிருக்கான்."

அந்தப் புண்ணியவான் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசனைதான். ரோட்டில் அந்த ஒரு சாணைக் காத்தது வலையில்லை, தன் கால்தான் என்பது இப்போது பளிச்சென்று தெரிந்தது. ரயிலில் அந்தக் கால் இல்லை. இதுகூடத் தெரியாமல் மூன்று தடவை "ம்" சொல்லியிருக்கிறார்! வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேர் அப்படியே இருக்கும், கூட்டாளிகள் சந்தோஷமாக இருப்பார்கள், அடுத்த வாரம் மறுபடி பதினோரு நாள். உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு வருஷப் பேர் ஒரே நாளில் போய்விடும். அவரிடம் இருந்ததே அந்தப் பேர்தான். வேறென்ன சேர்த்து வைத்தார்?

கூட்டத்தன்று காலை குளியலறைக்குள் போனவர் வெளியே வர வெகுநேரமாயிற்று. வந்தவரைப் பார்த்து மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். மீசையைக் காணோம்.

"என்னங்க இது கோலம்!"

"ஐயோ அப்பா, உங்க மூக்கு இவ்வளவு பெரிசா?" என்றாள் மகள்.

"சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார் அவர். "ஜாடி உடைஞ்சா எடுத்துடறேன்னு சொன்னேன். உடைஞ்சுடுச்சு."

"ரயில்தானே உடைச்சுது?"

"இல்ல. நான்தான்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் வாழ்ந்த ஆளை மீசையில்லாமல் முதல்முறை பார்க்கிறார் அல்லவா. பிறகு குனிந்து கரண்டியை எடுத்தார். "மீசை மொளைக்கும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

அனுப்புகை அறையில் அவர் நுழைந்ததும் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருவர் விசில்கூட அடித்தார். ஏலக்காய் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த மீசைச் சவால் ஞாபகம் இருந்தது.

"மேடம், அந்தக் கடுதாசியை எழுதாதீங்க," என்றார் ஒரு சாண். "ரயில் உடைக்கல. கதவோரம் இடம் விட்டு ஏத்தினது நான். ரோட்டுக்கு அது சரி, ரயிலுக்குத் தப்பு. எனக்குத் தெரியல. அந்த ஆயிரத்து இருநூத்தி அறுபதும் என் கணக்கு."

ஏலக்காய்தான் எழுந்தார், முகம் சிவந்துபோய். "உன் வாயால நீயே உன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே! யாருக்காகடா? அந்த ரயில் உனக்கு மாமனா மச்சானா?"

"இல்ல. உன் சின்னப் பொண்ணு எத்தனாவது படிக்கறா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லேன்."

"நாலாவது... இல்ல, இரு. அஞ்சாவது." ஏலக்காய் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவருக்குத் தெரியும் என்பதுபோல. யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்கு அதே மாதிரிதான் தடுமாறியிருப்பார்கள்.

"எனக்கும் அப்படித்தான்," என்றார் ஒரு சாண். "அதுக்காகத்தான்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இதை எழுத்துல குடுப்பீங்களாண்ணே?"

"குடுக்கறேன்."

"அப்போ முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அந்த ஒரு சாணை எதை வச்சு அடைக்கறது? அதுக்குன்னு காத்துப் பை விக்கறாங்க. வர்றதுக்கு மூணு வாரம் ஆகும். ரயில் வெள்ளிக்கிழமை."

மேடம் மதியத்துக்குள் முதலாளியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ, அந்த அம்மாவுக்கே வெளிச்சம். காற்றுப் பைக்கு வழி ஒரு சாண் கண்டுபிடித்தார். இத்தனை வருஷம் லாரிக்கு அடியிலேயே படுத்து எழுந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? டயர் ட்யூப்! கடைசி வரிசைக்கு ஒரு பலகை, கதவுப் பக்கம் குறுக்குக் கட்டையடித்து இன்னொரு பலகை, நடுவில் ட்யூபைத் தொங்கவிட்டு, லாரியின் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்துக் காற்று அடித்தால் சரக்கு நகர முடியாது. பெட்டிக்கு நாலு வீதம் பன்னிரண்டு ட்யூப் வேண்டும். நிறுத்தம் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாக்கு சொன்னார்கள். தன்னிடம் இருந்ததும் பழைய கடைக்காரர் கொடுத்ததும் சேர்த்து ஏழு தேறியது.

வியாழக்கிழமை மதியம், ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கழுத்தில் மாலை மாதிரி ட்யூபை மாட்டிக்கொண்டு ஏலக்காய் வந்து நின்றார். ஐந்து.

"எனக்கு இதுல இஷ்டமில்ல. சொல்லிட்டேன்," என்றார்.

"சரி."

"அஞ்சும் தண்ணியில போட்டுப் பாத்துட்டேன். பஞ்சர் கிடையாது. அப்புறம் என் ட்யூபால உடைஞ்சுதுன்னு சொல்லி இன்னொரு மீசைக்கு அலையாதே."

ஒரு சாண் ஏலக்காயின் தோளை ஒரு அமுக்கு அமுக்கினார், அவ்வளவுதான். இரண்டு பேருமாகக் காற்று அடித்தார்கள். ட்யூப் உப்பி, பலகை முறுமுறுவென்று சத்தம் போட்டு, சரக்கு ஒன்றோடொன்று இறுகியது. பழக்கதோஷம், இவர் கையை நீட்டினார். சாண் போட எங்கே இடம்? சுண்டுவிரல்கூட நுழையவில்லை. கையை எடுத்துக்கொண்டு, "ம்" என்றார். அந்த "ம்"மில் பழைய அதிகாரம் இல்லை. வேண்டுதல் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ரயில் போயிற்று. சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. வீட்டில் அவர் எதற்கும் நிலைகொள்ளவில்லை. போன் அடித்தால் எடுப்பதற்குப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். திங்கட்கிழமை பத்து மணிக்கு அடித்தது. தொழிற்சாலை முற்றத்தில் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். மேடம்கூட ஜன்னலில்.

"அண்ணே, என்ன இது?" என்றாள் தங்கச்சி. "கதவைத் திறந்தா டயர் கடை மாதிரி இருக்கு!"

"ஜாடியைச் சொல்லும்மா. எத்தனை?"

"மூணு."

"மூணு வரிசையா?"

"மூணு ஜாடி. அறுபதாயிரத்துல மூணே மூணு."

முற்றத்தில் எழுந்த சத்தத்தில் தங்கச்சி அதற்குமேல் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ரயிலே வேண்டாம் என்ற ஆட்கள்கூடக் கைதட்டினார்கள். டிரைவர் சாதி இருக்கிறதே, ஜெயித்தவனைக் கண்டால் அதற்குக் கை சும்மா இருக்காது. ஒரு சாண் மட்டும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மூணா? எந்த வரிசைம்மா? பாத்துச் சொல்லு," என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஏலக்காய் போனைப் பிடுங்கினார். "மச்சான், எடுக்கறதுக்கு மீசை இல்ல. விட்டுடு!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். வாரத்துக்கு ஒரு ரயில், பிறகு இரண்டு. உண்மையான காற்றுப் பை வந்து சேர்ந்தது, ட்யூபுகள் சொந்தக்காரர்களிடம் திரும்பின. ஒரு ஜாடிக்கு ஆகிற புகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாக மேடம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதை எப்படி எடை போட்டார்கள் என்று ஒரு சாணுக்கு இன்றுவரை புரியவில்லை. இருமல் குறைந்தது மட்டும் புரிந்தது. எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு பேர் நெடுந்தூர ரோடுதான் வேண்டுமென்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஏலக்காய் தங்கினார். இப்போது தூக்கத்தை விரட்ட வேண்டிய அவசியமில்லை, இருந்தாலும் மெல்லுகிறார்.

வீட்டிலும் எல்லாம் இனிப்பாக இல்லை. தினம் ஆறரைக்கு ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் சும்மாவா? அலமாரியில் பாத்திரத்தையெல்லாம் சரக்கு ஏற்றுவதுபோல நெருக்கி அடுக்கி வைத்தார். ஒரு டம்ளரை எடுக்க மனைவி மொத்தத்தையும் இறக்க வேண்டியதாயிற்று. "நீங்க எல்லையிலேயே இருந்திருக்கலாம்," என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். மகள் கணக்குப் பாடத்துக்கு அவரிடம் வந்து, இரண்டு நாளில் அம்மாவிடமே திரும்பிப் போய்விட்டாள். பூப்போட்ட கோப்பை அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. அவருக்கு டீ இப்போது விளிம்பு நசுங்கிய டம்ளரில் வருகிறது.

மீசை முக்கால்வாசி வளர்ந்திருந்த ஒரு சாயங்காலம். அவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா தன் மகளின் பிரசவத்துக்காகப் போய் நாலு மாசம் தங்கிவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். வாசலில் அவர் குரல் கேட்டது.

"என்ன பாப்பா, பெரிய செருப்பு கிடக்கு? யாரு வந்திருக்கா?"

இவருடைய கை நின்றது.

"யாரும் வரல ஆன்ட்டி," என்றாள் மகள், படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "அப்பாதான்."

மனைவி திரும்பிப் பார்த்தார். "என்னங்க, கண்ணுல தண்ணி?"

"வெங்காயம்," என்றார் ஒரு சாண்.